விதை போட்டு வளர்க்கும் பூச்செடிகளுக்கு மூடாக்கு எப்போது, எவ்வளவு?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம், வீட்டுக்கு முன்னால் இருக்கும் களிமண் இடத்தில் ஜினியா, செண்டுமல்லி, காஸ்மாஸ், வாடாமல்லி, கோழிக்கொண்டை என்று ஐந்து வகை விதையைத் தை மாதக் கடைசியில் கலந்து தூவியிருக்கிறீர்கள். சம்பா அறுவடை முடிந்த நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, அன்றைக்கே நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி கூட முளைக்கவில்லை, முளைத்ததும் வெளுத்து, மெலிந்து, சாய்ந்து கிடக்கிறது. மண்ணை மூடிப் பரப்புகிற மூடாக்குக்கு வைக்கோல் நல்லதா தென்னஞ்சருகு நல்லதா என்று கேட்கிறீர்கள். பொருளை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எழுதியதைப் படித்தால், தெரிந்துகொள்ள வேண்டியது வேறு என்று தோன்றுகிறது: விதை கீழிருந்து முட்டிக்கொண்டு வர வேண்டிய மண்ணை எந்தக் கட்டத்தில் மூடுவது, எவ்வளவு மூடுவது?

நான் தோட்டக்கலை படித்தவன், திருவையாறு பக்கம் பூ நாற்று போட்டு விற்பது பல வருடத் தொழில். தயங்காமல் சொல்லக்கூடியது இது: கனமான மூடாக்கு, வேர் பிடித்து நிற்கிற செடிக்குப் போடுவது. மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் நட்ட அன்றே தழை போட்டு மூடுகிறோம், அது தாங்கும், ஏனென்றால் கிழங்குக்குள் இருக்கும் சேமிப்பு முளையை அத்தனை தூரம் தள்ளிவிடும். செண்டுமல்லி விதையிலோ கோழிக்கொண்டை விதையிலோ அந்தச் சேமிப்பு இல்லை. மண்ணைத் தாண்டி வெளிச்சத்தைத் தொடும்வரைதான் அதன் கைச்சரக்கு. அதற்கு மேல் நாலு விரல் வைக்கோல் இருந்தால், இருட்டிலேயே நீண்டு நீண்டு தீர்ந்துபோகும். களை விதையை முளைக்க விடாமல் செய்வதற்குத்தானே மூடாக்கே போடுகிறோம், அதே வேலையை அது பூ விதைக்கும் செய்துவிட்டது.

நாற்றங்காலில் விதை போட்டதும் வைக்கோல் போர்த்துவார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் காலகாலமாகச் செய்வதுதான், வேளாண் பல்கலைக்கழகமும் அதைத்தான் சொல்லித்தருகிறது. ஆனால் அது வேறு காரியம். பூவாளித் தண்ணீரில் விதை அடித்துக்கொண்டு போகாமல், மேல்மண் காய்ந்துவிடாமல் இருக்க, அடியில் மண் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் போட்டு, முளை தலைகாட்டிய அன்றே எடுத்துவிடுவார்கள். ஓரிரு நாள் தாமதித்தாலே தண்டு இழுத்துக்கொண்டு போய்விடும். எடுப்பதும் மாலையில்தான் எடுக்க வேண்டும், உச்சி வெயிலில் எடுத்தால் நிழலிலேயே வளர்ந்த முளை அன்றைக்கே சுருண்டுவிடும். உங்கள் பாத்தியில் இதிலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும். செண்டுமல்லியும் ஜினியாவும் நாலைந்து நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் வந்துவிடும், காஸ்மாஸ் ஒரு வாரம், வாடாமல்லிக்குப் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரமே ஆகும். ஐந்தையும் கலந்து தூவி ஒரே போர்வை போட்டால் அதை எடுக்கிற சரியான நாள் என்று ஒன்று கிடையாது, ஒன்றுக்கு எடுத்தால் இன்னொன்றுக்குச் சீக்கிரம். அதனால் அடுத்த முறை வகை வகையாக, வரிசை வரிசையாக விதையுங்கள். வரிசையில் போட்டால் எது பூச்செடி, எது களை என்று முதல் இரண்டு இலையிலேயே தெரிந்துவிடும், மூடாக்கை வரிசைகளுக்கு நடுவில் மட்டும் போடவும் வசதி.

சரி, விதைக்கு மேல் ஒன்றுமே போடக்கூடாதா? போடலாம், நம் களிமண்ணில் போட்டே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பழைய டெல்டா மண்ணில் தண்ணீர் ஊற்றி வெயில் பட்டால் மேல்மண் ஓடு கட்டிவிடும், மெல்லிய முளை அதை உடைக்க முடியாமல் அடியிலேயே மடங்கிக் கிடக்கும். பலர் விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், கிளறிப் பார்த்தால் முளை உள்ளேயே இருக்கும். இதற்கு வைக்கோலை விட நன்றாக மட்கிய எருவைச் சலித்து, மணலும் கலந்து, அதையே விதைக்கு மேல்மண்ணாகப் போடுவது மேல். அதற்கு மேல் நெல் உமியை மண் பாதி தெரிகிற மாதிரி தூவினால் போதும், முளை அதை எளிதாக விலக்கிக்கொண்டு வரும், எடுக்கவும் வேண்டாம். ஆழம் விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். ஜினியா, செண்டுமல்லிக்கு அரை சென்டிமீட்டர் சரி. கோழிக்கொண்டைக்குத் தூவிவிட்டுக் கையால் லேசாக அழுத்தி மணல் தூவினாலே போதும். டேபிள் ரோஸ், பெட்டூனியா போல தூசி மாதிரி இருக்கும் விதைகளுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு நன்றாக வரும், அவற்றை மூடவே கூடாது. நித்தியகல்யாணி நேர்மாறு, அதற்கு இருட்டு வேண்டும். இதெல்லாம் சந்தேகமில்லாத விஷயங்கள்.

இப்போது எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். நாள் கணக்கு பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். முளையோடு முதலில் வரும் விதையிலை தவிர்த்து நிஜமான இலை நாலு முதல் ஆறு வந்து, செடி கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம் எட்டி, கலைப்பு முடிந்திருக்க வேண்டும். கலைப்பு முக்கியம். நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கி, செண்டுமல்லிக்கு ஒரு அடி இடைவெளி, உயரமான ஜினியாவுக்கும் காஸ்மாஸுக்கும் அதே அளவோ கொஞ்சம் கூடவோ விட்டபிறகுதான் மூடாக்கு. கலைக்காமல் போட்டால் அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது வைக்கோல் முழுக்கக் கலைந்துவிடும், நெருக்கத்தில் காற்றும் போகாது. கலைத்த நாற்றை வெறுமே எறிய வேண்டாம், செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் இடம் மாற்றினால் தாங்கும், மாலையில் பிடுங்கி விட்டுப்போன இடத்தில் நடுங்கள். கலைப்பு முடிந்ததும் களையை வேரோடு எடுத்து, மண்ணை லேசாகக் கொத்திவிட்டு, அடிவரை நனையும்படி தண்ணீர் விட்டு, மறுநாள் மேல்மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் போடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் காப்பாற்றுவீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு பூவாளியில் ஊற்றுகிற தண்ணீரை வைக்கோலே குடித்துவிடும்.

கனம் எவ்வளவு என்றால், வைக்கோல் உதிரியாக மூன்று அங்குலம், அது ஒரு வாரத்தில் அமுங்கி ஒன்றரை ஆகும். சருகு இரண்டு அங்குலம். உமி, கூளம் போன்ற பொடிப்பொருள் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், கெட்டியாகப் படிந்துகொண்டு காற்றை அடைக்கும். தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு மண் வெறுமையாகத் தெரிய வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் மூடாக்கால் செத்த பூச்செடிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சாகின்றன. ஈரமான வைக்கோல் தண்டோடு ஒட்டிக்கிடந்தால் ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சணம் பிடிக்கும். செண்டுமல்லியில், சாமந்தியில், சம்பங்கியில் எல்லாம் வரக்கூடியதுதான். தண்டடியில் வெள்ளை நூலாகப் படர்ந்து, கடுகளவு உருண்டைகள், முதலில் வெள்ளையாகவும் அப்புறம் பழுப்பாகவும் தெரிந்தால் அதுவேதான். மட்காத பயிர்க்கழிவும் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, மூடாக்கை விலக்கி வெயில் பட விடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் கலந்து முன்கூட்டியே மண்ணில் போடுவது பயன் தரும். செடி வாடிய பிறகு போட்டு அதைக் காப்பாற்ற முடியாது.

பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. அவர்கள் "மண் சூடான பிறகு போடுங்கள்" என்பார்கள், பனிக்காலத்தில் வேர் உறையாமல் இருக்க ஒரு தடவை போடுவார்கள். நமக்கு மண் சூடாகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, சூட்டைக் குறைக்கத்தான் மூடாக்கு. தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதம் களிமண்ணில் கனமான மூடாக்கு வேண்டாம், தண்ணீர் வடியாமல் வேர் மூச்சுத் திணறும்போது மேலேயும் போர்த்தினால் காய வழியே கிடையாது. மேட்டுப்பாத்தி போட்டு, மழைத்துளி மண்ணைத் தெறிக்கவைத்து இலையில் அப்பாமல் இருக்கும் அளவுக்கு மட்டும், ஒரு விரல் கனத்துக்கு உதிரியாகப் போட்டால் போதும். பொங்கலுக்குப் பூக்கட்டும் என்று புரட்டாசியிலேயே செண்டுமல்லி விதைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும் அணை, இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் காய்ந்து நிலத்து ஈரமும் கீழே இறங்கிக்கொண்டே போகும், பங்குனி சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்போடு சேர்ந்து சல்லிவேரும் அறுந்துபோகும். மூடாக்கு உண்மையிலேயே செடியைக் காப்பாற்றுகிற காலம் இதுதான். மாசி கடைசிக்குள் போட்டுவிட்டால் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிற இடைவெளி கூடும். எத்தனை நாள் கூடும் என்பது உங்கள் மண்ணையும் நிழலையும் பொறுத்தது, வைக்கோலை விலக்கி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஒட்டினால் ஊற்ற வேண்டாம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம், அதாவது 1934-ல் மேட்டூர் வந்த பிறகு பாசனம் கிடைத்த கல்லணைக் கால்வாய்ப் பகுதியில், மண் செம்மண்ணும் மணலுமாக இருக்கிற இடங்களில், மழைக்காலத்திலும் இரண்டு அங்குலம் போடலாம், தண்ணீர் நிற்காது.

பொருள்களில் உங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நிறைய இருக்கிறது. புது வைக்கோலை விட மாடு தின்று கழித்த வைக்கோலும், போரின் அடியில் கிடந்து கறுத்த வைக்கோலும் நல்லது, மலிவும்கூட. அதில் நெல் இருந்தால் முளைக்கும், ஆகவே ஒரு வாரம் நனைத்து நனைத்துக் காயப்போட்டு முளைத்ததை எல்லாம் சாகவிட்டு அப்புறம் பரப்புங்கள். தூங்குமூஞ்சி மரத்துச் சருகு பூப்பாத்திக்கு அருமையான பொருள், பொடி இலை, சீராகப் படியும், சீக்கிரம் மட்கும். பூவரசு, புங்கந்தழையை ஒரு நாள் வாடவிட்டுப் போடலாம். வாழைச்சருகைக் கிழித்துப் போடுங்கள், பச்சை வாழைத்தண்டை மட்டும் வாழைத்தோப்புக்குப் பக்கத்தில் போட்டுவைக்காதீர்கள், வெட்டிய தண்டின் வாசனைக்குக் கூன்வண்டு வரும், பூச்செடியை ஒன்றும் செய்யாது ஆனால் வாழை போய்விடும். கரும்புச் சோகை நீண்டநாள் தாங்கும், கையை அறுக்கும், நறுக்கிப் போட வேண்டும். நீங்கள் கேட்ட தென்னஞ்சருகை முழு ஓலையாக இளஞ்செடிகளுக்கு நடுவில் போட்டால் காற்றில் புரண்டு தண்டை முறிக்கும், ஒரு சாண் துண்டுகளாக வெட்டினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தென்னைநார்க் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும், மட்க வைத்ததை வாங்குங்கள். வடிகாலில் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரையைக் கரையில் இழுத்துப்போட்டு மொறமொறவென்று காயவிட்டால் நல்ல மூடாக்கு. அதே வாய்க்கால் கரையில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேண்டாம், பச்சைத் தண்டு ஈரமண்ணைத் தொட்டால் வேர்விட்டு அது ஒரு தோட்டமாகிவிடும். தைலமரச் சருகையும் விதைப் பாத்தியில் சேர்க்காதீர்கள், அதிலிருந்து இறங்கும் சாறு முளைப்பைத் தடுக்கும்.

அடுத்தது, உறுதியாகவும் அரைகுறையாகவும் சொல்லப்படுகிற விஷயங்கள். வைக்கோல் போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும் என்பார்கள். மண்ணோடு கலந்து கொத்திவிட்டால் அது உண்மை, வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு அறுபது எழுபது பங்கு கரிமம் இருக்கிறது, அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பி வைத்தால் இந்த இழுபறி, மண்ணைத் தொடுகிற மெல்லிய பரப்பில் மட்டும்தான் நடக்கிறது. ஆழமாக வேர்விட்ட செடிக்கு அது தெரியாது, மேல்மண்ணிலேயே வேர் இருக்கும் இளநாற்றுக்குக் கொஞ்சம் தெரியலாம். ஒரு சாண் வரும்வரை பொறுங்கள் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம். இலை வெளிறினால் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்து, வைக்கோலை விலக்கி மண்ணில் ஊற்றுங்கள். புது வைக்கோல் அழுகும்போது வரும் பினாலிக் அமிலங்கள் இளவேரைத் தடுக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான், ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர் கட்டி நிற்கிற வயலில், வைக்கோல் மண்ணுக்குள் அழுகும் நிலைமையில். உங்கள் முளைப்புக் குறைவுக்கு இதைக் காரணமாகச் சொல்ல நான் தயங்குவேன். வெளுத்து நீண்ட முளை என்பது இருட்டின் அடையாளம், அந்த விளக்கமே போதும். பாத்தியை நேரில் பார்க்காமல் சொல்கிறேன், எறும்பு விதையைத் தூக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, வைக்கோலுக்கு அடியில் அதற்கு நல்ல மறைவு.

கரையான் பயம் எல்லோருக்கும் உண்டு. அது முதலில் தேடுவது காய்ந்துபோன பொருளைத்தான், ஈரமான களிமண் பாத்தியில் பெரிய தொல்லை இல்லை, வறண்ட செம்மண்ணில் வைக்கோல் தீர்ந்தபிறகு தண்டில் ஏறும். வேப்பம் பிண்ணாக்கு தூவுவதும் மூடாக்கை ஈரமாக வைத்திருப்பதும் குறைக்கும், ஒழிக்காது. மழைக்கால நத்தைதான் என் பார்வையில் பெரிய எதிரி, பகலில் மூடாக்கடியில் ஒளிந்துகொண்டு ராத்திரி ஒரு வரிசை ஜினியா நாற்றைத் தின்றுவிடும், ஈரச்சாக்கை ஓரத்தில் போட்டு வைத்துக் காலையில் அதனடியில் சேர்ந்ததைப் பொறுக்கி எடுங்கள். வீட்டு வாசலை ஒட்டிய பாத்தி என்பதால் கனமான மூடாக்குக்குள் வெறுங்கையை விடாமல் முதலில் குச்சியால் கிளறிவிட்டு வேலை பாருங்கள், தேளும் பாம்பும் குளிர்ந்த இடம் தேடுகிற காலம் வருகிறது. கோரையையும் அருகையும் எந்த மூடாக்கும் அடக்காது. கோரை பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வரும், கிழங்கோடு தோண்டி எடுப்பது தவிர வழியில்லை, அதை மூடாக்குக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

விதைப் பூச்செடிகளில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வாடாமல்லி, காஸ்மாஸ், கோழிக்கொண்டை, காசித்தும்பை எல்லாம் தானாக உதிர்ந்து தானாக முளைக்கிறவை. தோட்டம் முழுக்க மூன்று அங்குலம் போட்டு மூடினால் அந்த இலவச நாற்றெல்லாம் அடுத்த பருவத்தில் வராது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியும், உதிர்ந்து முளைத்த செடிக்கு இருக்கிற திடம் தனி. பாத்தியில் ஒரு ஓரத்தை, நாலுக்கு நாலு அடி இருந்தாலும் போதும், மூடாமல் விட்டு நல்ல பூக்களை அங்கேயே முற்றவிடுங்கள். ஹைப்ரிட் செண்டுமல்லி விதை என்றால் மட்டும் அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது, அதைப் புதிதாக வாங்குவதே சரி.

உங்கள் பாத்திக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: இன்றோ நாளையோ மாலை நாலரைக்கு மேல் வைக்கோலை முழுவதும் மெதுவாகத் தூக்கி ஒரு பக்கம் குவியுங்கள். சாய்ந்த நாற்றுகளின் அடியில் சலித்த எருமண்ணை விரலால் அணைத்து நிமிர்த்துங்கள், முதல் மூன்று நாள் உச்சிவேளைக்குத் தென்னங்கீற்று நிழல் கொடுங்கள். செண்டுமல்லி தண்டிலிருந்தே வேர்விடும், அது தேறிவிடும், மிகவும் இழுத்துப்போன காஸ்மாஸும் கோழிக்கொண்டையும் தேறுவது கஷ்டம். வெற்றிடங்களில் வரிசை போட்டு மறுபடி விதையுங்கள், மாசிதான், தாமதமில்லை, இவை எல்லாம் வெயில் பூக்கள். தேறியவை ஒரு சாண் வந்ததும் அவற்றுக்கு மட்டும் மூடாக்கு, புது வரிசைகளுக்கு அவை வளர்ந்த பிறகு. காஸ்மாஸுக்குப் பிண்ணாக்குத் தண்ணீர் வேண்டாம், சத்து கூடினால் தழைத்துக்கொண்டே போய்ப் பூ தள்ளிப்போகும்.